மந்திரி தோளில் பட்ட பொன்னாடை

அவர் யாரையும் வெறும் தோளோடு மேடையில் நிற்க விட்டதில்லை. யாரையும் வெறும் தோளோடு அல்லாமல் வீட்டுக்கு அனுப்பியதும் இல்லை.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர். விளையாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தவர். திருவிழா, பரிசளிப்பு, பிரியாவிடை என்று மஸ்கெலியாவைச் சுற்றி எங்கே நாலு கதிரை போட்டாலும் ஐந்தாவதாக அவர் நிற்பார். கையில் ஒரு பை. பைக்குள் பொன்னாடை. சிவப்பில் பொன்னிறக் கரை போட்டது, பளபளவென்று வழுக்கும். கூட்டத்தில் யார் பெரியவர் என்று அவர் கண் ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு முகம் அந்தப் பக்கம் திரும்பி அங்கேயே நின்றுவிடும்.

நான் உயர்தரப் பரீட்சையில் சித்தி பெற்றபோது எனக்கும் போர்த்தினார். படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள். நான் மேடையை விட்டு இறங்கியதும் பக்கத்தில் வந்து மெதுவான குரலில், "தங்கச்சி, அத மடிச்சுக் குடுங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை.

"இது சாதாரணப் பொன்னாட இல்லம்மா. மந்திரி தோள்ல பட்டது. ஒங்க தோள்லயும் பட்டுருச்சுல்ல? அதான் மரியாத. துணியில என்னா இருக்கு?"

மடித்துக் கொடுத்தேன். பெரியவர்கள் சொன்னால் செய்து பழகியவள் நான். வீட்டுக்கு வரும் வழியில், அதுதான் முறையாக இருக்கும், நமக்குத்தான் தெரியவில்லை என்று அம்மாவும் நானும் பேசி முடிவு செய்துகொண்டோம்.

ஒரு தடவை கல்வி அதிகாரி ஒருவர் இந்த முறை தெரியாமல் பொன்னாடையோடு ஜீப்பில் ஏறிவிட்டார். தேயிலை மலை வளைவுகளில் ஜீப் இறங்க, இவர் குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடிக் கீழ் வளைவில் அதை மறித்தார். அன்று நடந்தது பள்ளி விளையாட்டு விழா. அன்றைய தினம் அவ்வளவு வேகமாக வேறு யாரும் ஓடவில்லை.

என் தங்கை தர்ஷினியின் கால்பந்து விளையாட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் சம்பந்தம் உண்டு என்று அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

எங்கள் மலையில் சமமான இடம் என்றால் கோயில் முற்றம், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக் களம், பள்ளிக்கூடத்துக் குட்டி மைதானம். இவ்வளவுதான். மைதானத்தின் ஒரு கோலுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. பந்தை உள்ளே விட்டவள்தான் சரிவில் இறங்கி அதைத் தேடி எடுத்து வர வேண்டும் என்பது பிள்ளைகளின் சட்டம். மழை நாளில் இறங்கினால் முழங்கால் வரை அட்டை ஏறும்.

"அட்டைக்குப் பயந்துதான்க்கா நான் நல்ல கோல்கீப்பரானேன். பந்தப் புடிச்சிட்டா எறங்கத் தேவையில்லல்ல?" என்பாள் தர்ஷினி.

வெயில் மாதங்களில் நீர்த்தேக்கம் வற்றும். அடித்தரை வெடித்துப் பெரிய மைதானம் போலக் கிடக்கும். பிள்ளைகள் அங்கே போய் விளையாடுவார்கள். அவர் ஒரு நாள் பாதையில் நின்று பார்த்துவிட்டு எங்கள் அப்பாவிடம் வந்து சொன்னார்: "பொம்பளப்புள்ள காலத் தூக்கித் தூக்கி ஒதைக்குது. பாக்குறவன் என்னா நெனைப்பான்? நெட்போல் ஆடச் சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்." நெட்போலையும் அவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தர்ஷினி அட்டன் பக்கம் ஒரு பெண்கள் அணியில் சேர்ந்து, அங்கிருந்து கொழும்புக்குப் போய், கடைசியில் தேசிய அணியின் இரண்டாவது கோல்காப்பாளராகத் தெரிவானாள். அந்தச் செய்தி வந்த மாலையே பையோடு அவர் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்றார்.

"நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

அப்பா தலையாட்டினார். என்ன சொன்னார் என்று அப்பாவுக்கும் நினைவிருந்தது. ஆனாலும் தலையாட்டினார்.

அப்போது நான் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, நாலு மாதக் குழந்தையோடு இருந்தேன். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன், அழுதால் ஏன் அழுகிறது என்று பயப்படுவேன். அந்த நிலையிலும் அணி எதற்குப் போகிறது என்று எனக்கு விளங்கியிருந்தது. தர்ஷினி விளக்கியிருந்தாள். நாலு நாடுகள் ஒரு குழு. ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் ஆட வேண்டும். குழுவில் முதலாவதாக வரும் நாடு மட்டும் ஆசியக் கிண்ணப் போட்டிக்குப் போகும். அதாவது இது கிண்ணம் இல்லை. கிண்ணத்தின் வாசற்படி.

"நம்ம குழுவுல மத்த மூணு பேரும் பெரிய ஆளுங்கக்கா. ஜெயிக்கிறது கஷ்டம். மானமா ஆடிட்டு வந்தா அடுத்த கேம்ப்புக்குக் கூப்பிடுவாங்க. எனக்கு அதான் வேணும்" என்றாள்.

அவர் பேனர் அடிக்கக் கொண்டுவந்த வாசகத்தில் 'ஆசியக் கிண்ணத்தை வெல்லப் புறப்படும் எங்கள் வீராங்கனை' என்று இருந்தது. பக்கத்தில் தர்ஷினி படம். அவள் படத்தை விடப் பெரிதாக அவர் படம்.

"சேர், இது தகுதிகாண் சுற்றுதானே? அதையும் போடணும்ல?" என்று கேட்டேன். கேட்டது அதிகப்பிரசங்கித்தனமோ என்று கூடவே பயமும் வந்தது.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னும் தகுதியே காணலன்னு பேனர்ல போட்டா, மால போட வர்ற தோட்டத்துத் தொர என்னம்மா நெனைப்பாரு?"

தோட்டத்து மக்கள் அந்தப் பேனரைத்தான் படித்தார்கள். கொழுந்து பறிக்கிற இடத்தில் அம்மாவிடம், "ஒங்க மக கப்போட வந்தா எங்களுக்கும் ஒரு தடவ தூக்கிப் பாக்கக் குடு" என்று கேட்டார்கள். அம்மாவும் சரி என்றுவிட்டாள்.

புறப்படும் நாளில் சந்தியில் தப்பு அடித்தார்கள், ஆரத்தி எடுத்தார்கள். அவர் அரை மணி நேரம் பேசினார். அதில் 'நான்' வந்த அளவுக்குக் கால்பந்து வரவில்லை. பேச்சு முடிந்து தர்ஷினிக்குப் பொன்னாடை போர்த்திய நேரம், அட்டன் பஸ் வந்துவிட்டது. கொண்டக்டர் கத்தினான். தர்ஷினி ஏறிவிட்டாள். பஸ் நகர, இவர் யன்னல் ஓரமாகவே கூட நடந்தார். முதன்முதலாகக் கடல் தாண்டப் போகும் ஒரு பிள்ளைக்கு அவர் சொன்ன கடைசிப் புத்தி இதுதான்: "வரும்போது மறக்காமக் கொண்டாந்துரு. சூட்கேஸ்ல அடில வையி, கசங்காது."

என் போனுக்கு லயத்தில் சிக்னல் இல்லை. ஆட்டம் நடக்கும் நேரங்களில் குழந்தையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறுவேன். பனி அடிக்குமோ, சளி பிடிக்குமோ என்று ஒரு கண் குழந்தையில், ஒரு கண் போனில். முதல் ஆட்டத்தில் தோற்றோம். தர்ஷினி வெளியே உட்கார்ந்திருந்தாள். இரண்டாவதிலும் தோற்றோம். அவர் சந்தியில் நின்று, "இன்னும் ஒரு மேட்ச் இருக்கு. அத அடிச்சா கப் நமக்குத்தான்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். இரண்டு தோற்ற அணி எப்படி முதலாவதாக வரும் என்று அங்கே நின்ற யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் முதல் கோல்காப்பாளருக்குக் கால் பிசகி, தர்ஷினியை இறக்கினார்கள். மூன்று கோல் அவளைத் தாண்டிப் போனது. ஆனால் ஒரு பெனல்டியைப் பிடித்தாள். இடப் பக்கம் முழு நீளத்துக்கும் விழுந்து இரண்டு கையாலும் பிடித்தாள். நான் போட்ட சத்தத்தில் குழந்தை அலறி அழுதது. அதைத் தேற்றுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

மறுநாள் அவர் குரல் மாறிவிட்டது. "நான் அன்னைக்கே சொன்னேனே" என்றே இதையும் தொடங்கினார். "இது பொம்பளைங்க வெளாட்டு இல்லன்னு. கப்பக் கையில குடுத்துட்டு வந்துருச்சு."

தர்ஷினி வந்து இறங்கிய அன்று சந்தியில் யாரும் இல்லை. பேனரைக் கழற்றி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியக் கடைக்காரர் மரக்கறிக்கு மேலே மழைக்குக் கட்டியிருந்தார். நான் குடையோடு போயிருந்தேன். அவள் பேனரைப் பார்த்தாள். சிரித்தாள்.

"நல்லதுக்கா. தக்காளியாச்சும் நனையாம இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான்: "எங்க கோச் மிஸ் அந்தப் பெனல்டியப் பத்திப் பேசுனாங்கக்கா. அடுத்த கேம்ப்புக்கு ரெண்டு மூணு வாரத்துல கூப்பிடுறோம்னாங்க. கூப்பிடலன்னா என் ஆட்டம் பத்தாதுன்னு அர்த்தம். நான் ஒன்னும் கேக்க மாட்டேன். கார்மென்ட்ஸுக்குப் போயிருவேன்."

அவர்கள் கூப்பிட வேண்டிய நம்பர் எங்கள் விளையாட்டு ஆசிரியருடையது. லயத்தில் அவர் போனுக்கு மட்டும் எப்படியோ சிக்னல் பிடிக்கும் என்பதால், தெரிவான அன்றே தொடர்புக்குத் தன் நம்பரைக் கொடுத்திருந்தார். "பொம்பளப்புள்ள நம்பர் ஊரெல்லாம் போகக் கூடாது, நான் பொறுப்பு" என்றார்.

இரண்டு வாரம் போனது. பிறகும் சில நாட்கள் போயின. தர்ஷினி தினமும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு வேலை வைத்துக்கொண்டு போய் வந்தாள். அவர் கண்ணில் படுவதற்காகத்தான். கண்ணில் பட்டாலும் அவர் முகம் வேறு பக்கம் திரும்பிவிடும். ஒரு நாள் அப்பாவைக் கடையில் வைத்துச் சொல்லிவிட்டார்: "டீம்ல இருந்து வெட்டிட்டாங்களாம். நான் விசாரிச்சேன். மனசத் தேத்திக்குங்க." அப்பா அன்று மாலையே ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்கு ஆள் எடுக்கிறவரிடம் பேசினார். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். தர்ஷினி தன் கையுறைகளைக் கழுவி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டாள். அவை காய்வதை அவள் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

அந்த வாரம் முழுக்க மழை. மலையில் மழை பிடித்தால் துணி காயாது. குழந்தையின் துணிகள் எல்லாம் புகை மணத்தோடு அரை ஈரமாகத் தொங்கின. ஈரத்தில் படுக்க வைத்தால் சளி பிடிக்கும் என்று பயந்து, தர்ஷினியின் சூட்கேஸைத் திறந்து காய்ந்த துணி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். அடியில், கசங்காமல், பொன்னாடை இருந்தது.

கொஞ்ச நேரம் யோசித்தேன். மந்திரி தோளில் பட்டது. பிறகு குழந்தையைப் பார்த்தேன். விரித்துப் போட்டுப் படுக்க வைத்தேன்.

அன்று சனிக்கிழமை. பின்னேரம் அவர் வந்தார். அப்பாவும் அம்மாவும் வேலையில். தர்ஷினி விறகுக்குப் போயிருந்தாள். அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உட்காரவும் இல்லை.

"பெரிய கிளாக்கருக்கு இன்னைக்குப் பிரியாவிட. அஞ்சு மணிக்கு. தொரையும் வர்றாரு. அந்தப் பொன்னாடைய எடுத்துக் குடும்மா."

"இருங்க சேர்" என்று உள்ளே திரும்பினேன். அப்போது அவர் போன் அடித்தது. வாசலுக்குப் போய்ச் சிங்களத்தில் பேசினார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. முன்பள்ளி வேலைக்காக அட்டனில் ஒரு வகுப்புப் போய்ப் படித்திருந்தேன்.

"ஓவ் மிஸ். தர்ஷினி... எயாட்ட அசனீப்பய் மிஸ்" என்றார்.

அவளுக்குச் சுகமில்லை என்கிறார். கேம்ப்புக்கு வர முடியாது, வீட்டுக்காரர்களுக்கும் விருப்பமில்லை என்கிறார். குரலில் அவ்வளவு பணிவு. மேடையில் பெரியவர்களைப் பார்த்துத் திரும்புகிற அதே முகம், அந்தப் போன் பக்கம் திரும்பியிருந்தது.

நான் தப்பாக விளங்கிக்கொண்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன். என் சிங்களம் அவ்வளவு திறமில்லை. ஆனால் அசனீப்ப என்ற சொல்லை ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற எந்தத் தாயும் தப்பாக விளங்கிக்கொள்ள மாட்டாள்.

அவர் உள்ளே வந்ததும், "யாருக்கு சேர் சுகமில்ல?" என்று கேட்டேன்.

"அது... வேற ஒரு புள்ள."

"தர்ஷினின்னு சொன்னீங்களே."

அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. உட்கார்ந்து பாடம் நடத்துவது போல விளக்கினார்: "இந்தா பாரும்மா. வெட்டிட்டாங்கன்னு நாலு பேருகிட்ட சொல்லியாச்சு. ஒங்க அப்பாகிட்டயும் சொல்லியாச்சு. இப்ப மறுபடி போனா, என் பேச்சுக்கு என்னா மரியாத இருக்கும்? நீ படிச்ச புள்ள, ஒனக்கு வெளங்கும். பொன்னாடையக் குடு, நேரமாகுது."

ஒரு பெண்ணின் இத்தனை வருடப் பாய்ச்சலும், அட்டைக் கடியும், அந்த ஒரு பெனல்டியும் ஒரு தட்டில். மறு தட்டில் சந்திக்கடையில் இவர் உதிர்த்த ஒரு வாக்கியம். இவருக்கு வாக்கியம்தான் கனத்தது. இந்த மனிதருக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம்.

கத்த வேண்டும் போல இருந்தது. எனக்குக் கத்தத் தெரியாது. கத்தினால் குழந்தை எழும்பிவிடும் என்றும் இருந்தது. அதனால் மெதுவாகவே சொன்னேன்.

"தாறேன் சேர். அந்த மிஸ்ஸுக்கு ஒருக்கா போன் எடுத்துக் குடுங்க. பேசிட்டுத் தாறேன்."

"என்னாது?"

"பேசிட்டுத்தான் சேர் பொன்னாட."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். அந்த நேரத்தில் மஸ்கெலியா டவுனுக்குப் போய் வேறொன்று வாங்கி வர முடியாது. துரை வந்து உட்காரும்போது பெரிய கிளாக்கர் வெறும் தோளோடு நிற்பதை அவர் மனதுக்குள் பார்த்திருக்க வேண்டும். முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்து, நம்பரை அழுத்தி, என்னிடம் நீட்டினார்.

நான் வாசலில் நின்று என் திறமில்லாத சிங்களத்தில் பேசினேன். தர்ஷினிக்கு ஒரு நோயும் இல்லை என்றேன். கட்டாயம் வருவாள் என்றேன். இனிமேல் என் கணவரின் நம்பருக்கு எடுங்கள் என்று அதையும் சொன்னேன். மறுமுனையில் அந்த மிஸ், மூன்று தடவை இந்த நம்பருக்கு எடுத்தோமே, மூன்று தடவையும் சுகமில்லை என்றார்களே, என்ன நோய் அவளுக்கு என்று கவலையோடு கேட்டார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த கலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கினேன். அப்போதுதான் தெரிந்தது. அந்தத் துணி ஒரு சொட்டையும் உறிஞ்சாது. குழந்தை நனைத்தது எல்லாம் மேலேயே குளம் கட்டி நின்றது.

"சேர், இதுல பாப்பா..." என்று தொடங்கினேன். சத்தியமாகச் சொல்லத்தான் தொடங்கினேன்.

"கத வேணாம்மா. நேரமாச்சு. மடிச்சுக் குடு."

சொன்னதைச் செய்து பழகியவள். ஒரு உதறு உதறி, கரை வெளியே தெரிய மடித்துக் கொடுத்தேன். பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

மாலையில் விறகோடு வந்த தர்ஷினியிடம் முதலில் போன் விசயத்தைச் சொன்னேன். அவள் விறகைப் போட்டுவிட்டு, அடுப்புக்கு மேலே எட்டிக் கையுறையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். பொன்னாடை விசயத்தைப் பிறகு சொன்னேன். சிரிப்பு வெளியே கேட்காமல் இருக்கத் தலையணையைக் கடித்துக்கொண்டாள். பெரிய கிளாக்கரை நினைத்தால் எனக்கு மனம் உறுத்தியது. அவர் ஒருவருக்கும் கெடுதல் செய்யாத மனிதர். தோளில் அதோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். வேண்டுமென்றே செய்தேனா, இல்லையா? இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது.

திங்கட்கிழமை தர்ஷினி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகவில்லை. கொழும்பு பஸ் ஏறினாள். அப்பா சந்தியில் அவரைக் கண்டு வணக்கம் சொல்லாமல் கடந்தார். அப்பாவால் முடிந்த அதிகபட்சம் அது.

அடுத்த தகுதிகாண் குழுவில் அவள்தான் முதல் கோல்காப்பாளர். அப்போதும் நம் நாடு குழுவில் முதலாவதாக வரவில்லை. ஆனால் ஒரு ஆட்டம் வென்றார்கள், அதில் அவள் ஒரு கோலும் விடவில்லை. அவள் வீட்டுக்கு வந்த வாரமே பள்ளியில் கூட்டம். புதிய பேனர். அவர் அரை மணி நேரம் பேசினார். "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று தொடங்கினார்.

இப்போது அவர் ஓய்வு பெற்று அட்டன் பக்கம் போய்விட்டார். போன மாதம் மகளை முதலாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளிக்கூடம் போனேன். அதிபர் அறைச் சுவரில் அந்தக் கூட்டத்தின் படம் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அவர் தர்ஷினிக்கு அதே பொன்னாடையைப் போர்த்துகிறார். முகம் வழக்கம்போலத் துரை பக்கம் திரும்பியிருக்கிறது. தர்ஷினி மட்டும் மூக்கைக் கொஞ்சம் சுளித்து, கூட்டத்தில் யாரையோ பார்த்து வாய் விட்டுச் சிரிக்கிறாள். அவள் பார்த்தது என்னை. என் இடுப்பில் இருந்த இவளை.

"அந்தச் சிரிப்பப் பாருங்க" என்றார் அதிபர். "சேர் குடுத்த மரியாதையில அந்தப் புள்ளைக்கு வந்த சந்தோசம். இந்தப் படத்தக் கழட்டக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

மகள் படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"சித்தி ஏம்மா இப்புடிச் சிரிக்கிறாங்க?"

"ஒன்னாலதான்" என்றேன்.